இரண்டடிச் சுவரும் இருபத்தெட்டு வாளியும்

சர்வேயர் அல்போன்ஸுக்குக் கோபம் வந்தது. வந்தது என்று சொல்வது சரியில்லை. கோபம் அவரிடம் எப்போதும் குடியிருந்தது. அன்றைக்கு எழுந்து வாசலுக்கு வந்து நின்றது, அவ்வளவுதான்.

காரணம் பங்குச் சாமியார். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் சாமியார் தெருவில் வீடு வீடாக வந்து மந்திரிப்பது வழக்கம். ஜெபம் சொல்வார். நான்கு சுவருக்கும் தீர்த்தம் தெளிப்பார். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அந்த வருஷமும் அப்படித்தான் வந்தார். மூன்று சுவருக்குத் தெளித்தார். நான்காவது சுவருக்கு எதிரே வந்ததும், தூக்கிய கை அப்படியே நின்றது.

"அல்போன்ஸ், இந்தச் சுவருக்கு நான் தெளிக்கணுமா? ஏற்கெனவே நனைஞ்சுதானே இருக்குது!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அல்போன்ஸின் மனைவி இசபெல்லா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எதற்காக மூடினாள் என்பதை அல்போன்ஸ் சங்கிலி போட்டு அளக்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

சாமியார் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்தார். பிறகு வெடித்தார்.

"என் தாத்தா கட்டின செவுரு! அதைப் பார்த்து நாலு பேரு சிரிக்கறதா?"

"செவுத்தைப் பார்த்துச் சிரிக்கலைங்க. ஈரத்தைப் பார்த்துச் சிரிச்சாங்க."

"அது ஈரம் இல்லை. வேர்வை. வெயில் காலத்துல செவுரு வேர்க்கும்."

"மத்த மூணு செவுரும் ஏங்க வேர்க்கலை? அதுங்க மட்டும் விசிறிக்கிட்டு இருக்குதா?"

இந்த இடத்தில் அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பாப்பிரெட்டிப்பட்டியில் அந்த வீட்டை அல்போன்ஸின் தாத்தா சின்னப்பன் 1921-இல் கட்டினார். செங்கல், சுண்ணாம்புக் காரை. சிமெண்ட் ஒரு சட்டி கூடக் கிடையாது. சுவரின் கனம் இரண்டு அடி. அப்போது வீட்டில் குழாய் இல்லை. பின்கட்டில் கிணறு மட்டும் இருந்தது. முப்பது வருஷம் கழித்து அல்போன்ஸின் அப்பா மொட்டை மாடியில் ஒரு தொட்டி கட்டினார். தொட்டியிலிருந்து ஓர் இரும்புக் குழாயை இறக்கினார். குழாய் வெளியே தெரிந்தால் வீட்டுக்கு அழகில்லை என்று நினைத்து, நடுக்கூடத்துச் சுவரில் நீளமாகப் பள்ளம் வெட்டி, குழாயை உள்ளே புதைத்து, மேலே பூசிவிட்டார். அது சுவருக்குள்ளேயே இறங்கி, சுவருக்குள்ளேயே வளைந்து, பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தலையை நீட்டியது. வீட்டுக்கு அந்த ஒரே குழாய்தான். சமையலறைக்கும் ஒன்று வேண்டுமா என்று அப்பா யாரையும் கேட்கவில்லை.

விளைவு, கல்யாணம் ஆன நாளிலிருந்து இருபத்து மூன்று வருஷமாக இசபெல்லா பின்கட்டுக்கும் சமையலறைக்கும் குடம் சுமந்துகொண்டிருந்தாள். போக முப்பத்திரண்டு காலடி. வர நாற்பத்தொரு காலடி. வரும்போது குடம் நிறைந்திருக்கும்; காலடி சிறியது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சுவருக்குள் கிடக்கிற பழைய குழாயை மூடிவிட வேண்டும். பின்பக்கத்து வெளிச்சுவரை ஒட்டிப் புதுக்குழாய் இறக்க வேண்டும். அப்படியே சமையலறைக்குள் ஒரு டேப்பு வைக்க வேண்டும்.

"சமையக்கட்டுக்குள்ள வரணும்னா ரெண்டடிச் செவுத்தைத் தொளைக்கணும். நான் கண்ணை மூடற வரைக்கும் தாத்தா செவுத்துல உளி படாது" என்று அல்போன்ஸ் சொல்லிவிட்டார். ஒரு தடவை இல்லை. வருஷத்துக்கு நாலு தடவை.

ஈரம் முதலில் தட்டு அளவுக்குத்தான் இருந்தது. போன ஐப்பசியில் அல்போன்ஸ் தாமே ஒரு சட்டி சிமெண்ட் குழைத்து அதன் மேல் அப்பினார். மட்டப்பலகை வைத்துத் தேய்த்தார். இரண்டு வாரம் காய்ந்து கிடந்தது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்றாவது வாரம் அதே ஈரம் ஓரடி தள்ளி வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை முறம் அளவுக்கு.

அந்த ஊரில் குழாய் வேலையும் கொத்து வேலையும் சேர்த்துப் பார்க்கிறவர் மாது. அவர் வந்து சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சுண்ணாம்புச் செவுரு மூச்சு விடுமுங்க. உள்ள ஈரம் பட்டா அதும்பாட்டுக்கு வெளிய விட்டுக் காய்ஞ்சுக்கும். நீங்க சிமெண்ட்டை அப்பி மூக்கைப் பொத்திட்டீங்க. தண்ணி எங்கதாங்க போவும்? பக்கத்துல போவுது. மொதல்ல குழாயைப் பாருங்க. துரு அரிச்சிருக்கும்."

"செவுத்துக்கு மூக்கா? முப்பது வருஷமா நெலம் அளக்கறேன். எந்தக் கட்டடத்துக்கும் மூக்குப் பார்த்ததில்லை. எனக்கே பாடம் எடுக்கறியா? இனிமே இந்த வாசப்படி ஏறாதே!"

மாது பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சுவருக்கு மூக்கு உண்டா இல்லையா என்ற சங்கதி மட்டும் தெருவிலேயே தங்கிவிட்டது.

சாமியார் வந்துபோன மறுநாள் அல்போன்ஸ் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியைப் பிடித்தார். நடுக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலியின் வீடு.

"உங்க வூட்டுக் குளிக்கிற ரூம்புத் தண்ணிதான் எங்க செவுத்துக்கு வருது."

"அல்போன்சண்ணா, எங்க குளிக்கிற ரூம்பு தெருவோரத்துல இருக்குது. உங்க ஈரம் நடுவூட்டுல இருக்குது. எங்க தண்ணி என்னா, செருப்பு மாட்டிக்கிட்டு உங்க செவுத்தைத் தேடி வருதா?"

"தண்ணி எப்படி வேணும்னாலும் வரும்."

"வரும் வரும். மூக்கு இருக்கற செவுத்துக்குக் கால் இருக்கற தண்ணி!"

அல்போன்ஸ் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். சாமியார் சிரிக்கிறார். கொத்தன் பாடம் நடத்துகிறான். பக்கத்து வீட்டுக்காரி கேலி பேசுகிறாள். பெண்டாட்டி முந்தானையை வாயில் வைக்கிறாள். தாத்தா சுவருக்கு இந்தப் பூமியில் ஒரே ஒரு ஆதரவுதான். அவர் மீசையைத் தடவினார். தீர்மானம் பிறந்தது.

"இசபெல்லா! இங்க வா. அளந்து காட்டிடறேன்."

"எதைங்க?"

"வர்ற ஞாயித்துக்கிழமை. காலைப் பூசை முடிஞ்சு ஒம்பது மணிக்குத் தொட்டியில தண்ணி நிக்கற இடத்துல ஒரு கரிக்கோடு போடறேன். சாயந்தரம் அஞ்சு வரைக்கும் மோட்டார் போடக்கூடாது. குழாய் தெறக்கக்கூடாது. அஞ்சு மணிக்குத் தண்ணி கோட்டுலயே நின்னா குழாய்ல ஓட்டை இல்லை. அளவு பொய் சொல்லாது."

"கோட்டுக்குக் கீழ எறங்கியிருந்தா?"

"மாதுவைக் கூப்பிடறேன். செவுத்தைத் தொளைக்கிறேன். உன் சமையக்கட்டுக்கு டேப்பு வைக்கிறேன்."

"எறங்கலைன்னா?"

"என் காலம் முடியற வரைக்கும் நீ குழாய்ப் பேச்சே எடுக்கக்கூடாது."

"சரிங்க. அன்னிக்குத் துணி தொவைக்கறதுக்கு?"

"கெணத்துல சேந்திக்கோ."

"சரிங்க. நான் மாடிக்கு வரமாட்டேன். ஏணியைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்தும். ஆனா நீங்களும் ஒரு சொம்புத் தண்ணி மேல கொண்டுபோகக் கூடாது."

"நான் என்னா திருடனா?" என்று அல்போன்ஸ் கத்தினார்.

இசபெல்லாவிடமிருந்து 'சரிங்க' என்ற சொல்லை வாங்குவது சுலபமல்ல. அதற்கு முன்னால் குறைந்தது ஐந்து கேள்விகளாவது வரும். அன்றைக்கு இரண்டு 'சரிங்க' அடுத்தடுத்து வந்தன. அல்போன்ஸ் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் தொட்டியின் உள்சுவரில் கோடு போட்டார். ரசமட்டம் வைத்துப் போட்ட கோடு. அசையாத கோடு. கீழே இறங்கி வந்து, முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பின்கட்டிலிருந்து தொப், தொப் என்று துணி துவைக்கிற சத்தம் வந்தது. கிணற்றில் சேந்தித் துவைக்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷமாகத்தான் நினைத்தார்.

பத்து மணிக்கு மனசு கேட்கவில்லை. முன்பக்கத்து ஏணி வழியாகச் சத்தமில்லாமல் ஏறிப் பார்த்தார்.

தண்ணீர் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

"துரோகி!" என்றார் தொட்டியைப் பார்த்து.

தொட்டி நாலடிக்கு நாலடி. ஒரு விரற்கடை இறங்கினால் இரண்டு வாளி. இரண்டு விரற்கடைக்கு நாலு வாளி. கணக்கு உடனே வந்துவிட்டது. அதற்குப் பின்னாலேயே ஒரு நியாயமும் வந்தது. வெயிலில் சர்வே சங்கிலி நீண்டுவிடும்; சர்வேயர்கள் அதற்குத் திருத்தம் போடுவார்கள். அது ஏமாற்று ஆகாது. அதே வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகப் போனால் அதற்கும் ஒரு திருத்தம் போடத்தானே வேண்டும்? வாளியால் போடுகிற திருத்தம்.

ஆனால் திருத்தத்துக்குத் தண்ணீர் எங்கே? அவர் வீட்டுக் கிணற்றடியில் இசபெல்லா இருக்கிறாள். மிச்சம் இருப்பது பாஞ்சாலி வீட்டுக் கிணறு. இரண்டு பின்கட்டுக்கும் நடுவில் ஆள் உயரச் சுவர் இருந்தது. இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கம் தெரியாது. பாஞ்சாலி வீட்டுக்கு நல்ல படிக்கட்டும் உண்டு. அவள் மாடியையும் இவர் மாடியையும் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர் ஒன்றுதான் பிரித்தது. எல்லாம் வசதியாக இருந்தன, பாஞ்சாலியைத் தவிர.

"பாஞ்சாலி, நாலு வாளித் தண்ணி வேணும்."

"எதுக்குண்ணா?"

"ஒரு... ஆராய்ச்சி."

"எங்க தண்ணியா? அதுதான் கேக்காமலே உங்க வூட்டுக்கு வந்துக்கிட்டு இருக்குதே!"

அல்போன்ஸ் பல்லைக் கடித்தார். பற்களுக்கு நடுவிலிருந்து, "அது உங்க தண்ணி இல்லை" என்ற வாக்கியத்தை வெளியே எடுத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணா. காது சரியா கேக்கலை."

"உங்க தண்ணி இல்லை! போதுமா?"

"போதும். கயிறு அங்க இருக்குது. வாளி இங்க இருக்குது."

சேந்தினார். தூக்கினார். பதினாறு படி ஏறினார். கைப்பிடிச் சுவரைத் தாண்டினார். அங்கிருந்து தொட்டி வரைக்கும் குனிந்தே போனார். நிமிர்ந்தால் பின்கட்டிலிருந்து தலை தெரிந்துவிடும். ஐம்பத்தோரு வயதில், கெஸட்டட் இல்லாவிட்டாலும் மரியாதைக்குரிய ஒரு அரசாங்க ஊழியர், தம் சொந்த மாடியில் வாளியோடு தவழ்ந்துபோனார். நாலு வாளி. தண்ணீர் கோட்டைத் தொட்டது.

பதினொன்றரைக்குப் பார்த்தார். மூன்று விரற்கடை. ஆறு வாளி.

ஒரு மணிக்குப் பார்த்தார். நாலு விரற்கடை. எட்டு வாளி.

"அண்ணா, ஆராய்ச்சி பெரிசாப் போவுதே" என்றாள் பாஞ்சாலி. "மோர் தரட்டுமா?"

மத்தியானம் இசபெல்லா கறிக்குழம்பு ஊற்றினாள். அல்போன்ஸ் சோற்றை அள்ளினார். கை வாய்க்குப் பாதி வழியில் நின்று நடுங்கியது.

"கை ஏங்க நடுங்குது?"

"பைபிள் படிச்சேன்."

"பைபிள் படிச்சா கை நடுங்குமா?"

"பெரிய எழுத்துப் பைபிள். கனம்."

"சட்டையெல்லாம் நனைஞ்சிருக்குதே?"

"வேர்வை."

"அப்பிடீங்களா? செவுத்துக்கு வந்த நோவு உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?"

அல்போன்ஸ் அவசரமாகச் சாப்பிட்டு எழுந்தார். அவர் மனசில் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு வாளித் தண்ணீர் தொட்டியை விட்டுப் போயிருக்கிறது. குழாய் மூடியிருக்கிறது. அப்படியானால் அது எங்கே போனது? சுவருக்குள். கூடத்துக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் நேற்று இருந்த அதே முறம் அளவுதான். அதுதான் அவரைப் பயமுறுத்தியது. பதினெட்டு வாளியையும் குடித்துவிட்டு வெளியே காட்டாமல் நிற்கிறது என்றால், உள்ளே என்ன ஆகியிருக்கும்? டீயில் நனைத்த பன் அவர் கண்முன் வந்தது. பன்னை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி டம்ளரில் விழுமே, அதுவும் வந்தது.

மூன்றரைக்கு ஏறிப் பார்த்தார். ஐந்து விரற்கடை.

பத்து வாளி தூக்கி முடித்தபோது அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. இருந்தும் பட்டார். குழாயை வெளியே விடாமல் சுவருக்குள் புதைத்த அப்பாவின் மேல். துருப்பிடிக்கிற இரும்பின் மேல். இவ்வளவு தண்ணீரைக் குடித்தும் ஒரு வார்த்தை சொல்லாத சுவரின் மேல். தாத்தா சுவர் இன்னும் எத்தனை நாள் நிற்கும்?

ஐந்து மணிக்கு ஏணிக்குக் கீழே இசபெல்லா வந்து நின்றாள்.

"என்னாங்க, தண்ணி எங்க நிக்குது?"

"கோட்டுல" என்றார் அல்போன்ஸ். ஜெயித்தவரின் குரலாக அது இல்லை.

"ஒரு விரற்கடை கூட எறங்கலையா?"

"இல்லை."

"அப்ப நீங்க சொன்னதுதாங்க சரி. நான்தான் புத்தியில்லாம பேசிட்டேன். இனிமே குழாய்ப் பேச்சு எடுத்தா ஏன்னு கேளுங்க." அவள் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"நில்லு, நில்லு." அல்போன்ஸ் ஏணியில் இரண்டு படி இறங்கினார். "மாதுவை வரச் சொல்லலாம்னு இருக்கேன்."

"எதுக்குங்க?"

"குழாயை மாத்தத்தான். பழைய குழாய் பாரு..."

"நல்ல குழாயை யாராச்சும் மாத்துவாங்களா? அளவு பொய் சொல்லாதுங்க."

"அளவு சரிதான். இருந்தாலும்..."

"செவுத்தைத் தொளைக்கணுங்களே. தாத்தா செவுத்துல உளி படலாமா? வேண்டாங்க. என் மனசு கேக்காது."

"தாத்தா ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாரு. நீ வேற கொடம் சுமந்து கஷ்டப்படறே..."

"எனக்கு என்னாங்க கஷ்டம்? இருபத்து மூணு வருஷமாப் பழகிப்போச்சு."

"இசபெல்லா, சொன்னாக் கேளு. நாளைக்கே மாத்திடலாம்."

"நீங்க இவ்வளவு தூரம் கெஞ்சறதால..."

"கெஞ்சலை! உத்தரவு போடறேன்!"

"சரிங்க, உத்தரவு. சமையக்கட்டுக்கு ஒண்ணுதானா, குளிக்கிற ரூம்புக்கும் சேர்த்து உத்தரவு போடறீங்களா?"

"போடறேன்! போடறேன்!"

அல்போன்ஸ் அப்போதே கிளம்பி மாதுவின் வீட்டுக்குப் போனார்.

"வாசப்படி ஏறக்கூடாதுன்னீங்களே?" என்றார் மாது.

"ஏற வேண்டாம். எங்க வூட்டுக்குப் பின்வாசல் இருக்குது."

மறுநாள் அல்போன்ஸ் லீவு போட்டார். மாது பின்வாசல் வழியாக வந்தார். வெளிச்சுவரை ஒட்டிப் புதுக்குழாயை இறக்கி, அடிக்கு ஒரு கிளாம்பு அடித்தார். "இனிமே ஒழுகினா கண்ணுக்குத் தெரியும். செவுத்தை நோண்ட வேண்டியதில்லை" என்றார். இணைப்புகளில் சணல் சுற்றி வெள்ளை ஈயம் தடவி முறுக்கினார். சமையலறைச் சுவரை உளியால் தொளைத்தார். ஒவ்வொரு அடிக்கும் அல்போன்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். பன் மாதிரி எதுவும் சரியவில்லை. சுவர் கல்லாக நின்றது.

மூன்றாம் நாள் கூடத்துச் சுவரில் அல்போன்ஸ் அப்பிய சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, மாது பழைய குழாயை உருவினார். அது வளைகிற முழங்கை இணைப்பில் ஒரு துளை. கடுகு அளவு.

"இவ்வளவுதாங்க. இது வழியா ஒரு நாளைக்கு ரெண்டு சொம்புத் தண்ணி போயிருக்கும். காத்து படற மாதிரி சுண்ணாம்புக் காரையே பூசிடறேன். ஒரு மாசத்துல காய்ஞ்சிரும்."

"ரெண்டு சொம்பா?" அல்போன்ஸ் எழுந்து நின்றார். "மறுபடி பாரு! வேற ஓட்டை இருக்கும்!"

"முழுக் குழாயும் பார்த்துட்டேங்க. இது ஒண்ணுதான்."

"அது எப்படி? இருபத்தெட்டு வாளி போயிருக்குதே! நானே என் கையால..."

வாயை மூடிக்கொண்டார். அரை நொடி தாமதம். கூடத்தில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். எதையோ கேட்டு வந்த சாக்கில் பாஞ்சாலியும் வாசலில் நின்றிருந்தாள்.

இசபெல்லா புதுக் குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் உட்காரும் வரை காத்திருந்தாள்.

"அன்னிக்கு ஜமுக்காளம் நாலு, போர்வை ஏழு ஊற வெச்சிருந்தேங்க. இடுப்பு நோவுல கெணத்துல சேந்த முடியலை. குழாயைத் தெறந்துட்டேன்."

"குழாய் தெறக்கக்கூடாதுன்னு சொன்னேனே!"

"மேல தண்ணி கொண்டுபோகக் கூடாதுன்னு நானும்தான் சொன்னேனுங்க. பத்து மணிக்கே தண்ணி கோட்டை விட்டு எறங்கிடும், நீங்க பார்த்துக் கத்துவீங்கன்னு நெனைச்சேன். சத்தமே வரலை. தெறக்கத் தெறக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. சரி, வர்ற தண்ணியை ஏன் விடணும்னு திரைச்சீலையையும் அலசிப் போட்டுட்டேன்."

அல்போன்ஸ் பாஞ்சாலியைப் பார்த்தார். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியாதுண்ணா. செவுத்துக்கு அந்தாண்ட துணி அலசற சத்தம் கேக்கும். இந்தாண்ட நீங்க சேந்தற சத்தம் கேக்கும். ரெண்டையும் கேட்டுக்கிட்டுச் சும்மா ஒக்கார்ந்திருந்தேன்."

மாது உளியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அல்போன்ஸ் எழுந்தார். கோபப்படுவதற்கு நிறைய இருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. வாயைத் திறந்தார்.

அதற்குள் இசபெல்லா காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்:

"வர்ற ஞாயித்துக்கிழமை பாஞ்சாலி வூட்டுக் கம்பளியெல்லாம் தொவைக்கணுமாம். புதுக் குழாய் ஒழுகுதான்னு இன்னொரு தடவை கோடு போட்டுப் பார்த்துடலாங்களா?"